மோனாலிசாவின் ரகசியம் தேடிப் போக பாரிஸா, மாட்ரிடா, மடிக்கணினியா?

என் அக்கா மகள் வேலை விஷயமாக மூன்று வாரம் ஜெர்மனியில் இருக்கிறாள். ஸ்டுட்கார்ட்டில் அறை. நடுவில் இரண்டு வார இறுதி. ஒன்றைத் தோழிகளுக்குக் கொடுத்துவிட்டாள், மிச்சம் ஒன்று. போன வாரம் இரவு அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. "சித்தி, மோனாலிசா கண்ணுக்குள்ள எழுத்து இருக்காமே, நேர்ல போனா தெரியுமா? பாரிஸ் போகட்டுமா? ஆபீஸ்ல ஒருத்தர் மாட்ரிட்ல இருக்கற இன்னொரு மோனாலிசாவைப் போய்ப் பாருங்கன்னு சொல்றார். இல்ல, இந்தக் காசை மிச்சம் பிடிச்சு லேப்டாப்லயே பார்த்துடவா? நீங்க சொல்லுங்க."

குரல் செய்தியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அவளுக்கு எழுத ஆரம்பித்ததை, இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் பாரிஸ் போயிருக்கிறேன். இரண்டு வருஷம் கழித்து மாட்ரிடும் போனேன். மடிக்கணினியில் இந்த முகத்தைப் பார்த்த ராத்திரிகளுக்குக் கணக்கு இல்லை. மூன்றும் ஒரே ஓவியத்தைக் காட்டுவதாகத்தான் தோன்றும். அப்படி இல்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. அதனால் எங்கே போவது என்பதற்கு முன்னால், எந்த ரகசியத்தைத் தேடுகிறோம் என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

எழுத்தில் இருந்தே தொடங்கலாம். 2010 டிசம்பரில் இத்தாலியைச் சேர்ந்த சில்வானோ வின்செட்டி என்பவர், மோனாலிசாவின் வலது கண்மணியில் 'எல்.வி.' என்ற எழுத்துகள் இருப்பதாகச் சொன்னார். லியொனார்டோ டா வின்சியின் முதலெழுத்துகளாம். இடது கண்ணில் 'சி.இ.' அல்லது 'பி', பின்னணியில் உள்ள பாலத்தின் வளைவில் 72 என்ற எண். அடுத்த ஆண்டே 'எஸ்' என்ற எழுத்தையும் படித்து, அது லியொனார்டோவின் சீடன் சலாயைக் குறிக்கிறது, அவன்தான் இந்த ஓவியத்துக்கு மாடல் என்றார். செய்தி உலகம் முழுக்கப் பரவியது. இன்றைக்கும் யூடியூபில் சுற்றுவது அதுதான்.

இதைச் சோதிக்க பாரிஸ் போக வேண்டியதில்லை. பாரிஸ் போனால் சோதிக்கவே முடியாது. பலகை மொத்தமே 77 சென்டிமீட்டர் உயரம், 53 அகலம். அதில் கண்மணி எவ்வளவு இருக்கும்? கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால், தடுப்புக்கு இந்தப் பக்கம், சில மீட்டர் தள்ளி நிற்கும் நமக்கு அது ஒரு புள்ளி. வின்செட்டி குழுவும் பெரிதாக்கிய டிஜிட்டல் படத்தில்தான் எழுத்தைப் பார்த்தது. அந்த வேலையை நாமும் செய்யலாம். பிரான்சின் அருங்காட்சியக ஆய்வுக்கூடம் எடுத்த படம் ஒன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது; அகலத்தில் 7,479 புள்ளி, உயரத்தில் 11,146. அதை இறக்கிக்கொண்டு, வலது கண்ணை மட்டும் திரை முழுக்க நிரப்பிப் பாருங்கள்.

முதலில் தெரிவது கண் அல்ல, விரிசல். கோடையில் வற்றிய கண்மாய்த் தரை மாதிரி, முகம் முழுக்க மெல்லிய வலை. கன்னத்தில் விரிசல்கள் சின்னச் சின்னக் கட்டங்களாக ஓடுகின்றன. பழுப்புக் கருவிழிக்குள்ளும் அதே வலை தொடர்கிறது. ஒரு கோடு நேராக இறங்கி வலது பக்கம் மடங்குகிறது. 'எல்' என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் எல் தெரியும். நான் கன்னத்தில் தேடினேன்; அங்கே 'ட' கிடைத்தது, 'ப' கிடைத்தது. லியொனார்டோவுக்குத் தமிழ் தெரியாது. ஓவியம் தீட்டப்பட்டது பாப்லர் மரப் பலகையில். மரம் ஈரத்துக்கு விரிந்து, காய்ந்தால் சுருங்கும். 500 வருஷம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிற பூச்சு வெடிக்கத்தான் செய்யும். ஓவியத்தை வைத்திருக்கும் பாரிஸின் லூவர் அருங்காட்சியகமும் அன்று இதைத்தான் சொன்னது: ஆய்வுக்கூடத்தில் செய்யக்கூடிய சோதனை எல்லாம் செய்துவிட்டோம், எழுத்தோ எண்ணோ இல்லை, விரிசல்களில் தெரியும் உருவங்களுக்கு அளவுக்கு மீறி அர்த்தம் கற்பிக்கிறார்கள்.

ஆக, எழுத்துக்காகப் போகிறவர்களுக்கு மடிக்கணினியே போதும், ஒரு ராத்திரி போதும்.

"யார் அந்தப் பெண்?" என்ற கேள்விக்கும் திரைதான் சிறந்த இடம். இங்கே எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. லியொனார்டோ தன்னையே பெண்ணாக வரைந்துகொண்டார் என்று 1987-ல் லில்லியன் ஷ்வார்ட்ஸ் என்ற கணினிக் கலைஞர் சொன்னார். இரண்டு முகங்களையும் கணினியில் ஒட்டிக் காட்டினார். சலாய் என்றார் இன்னொருவர். மாண்டுவா சீமாட்டி இசபெல்லா டெஸ்டே என்கிறார்கள் வேறு சிலர். இத்தனைக்கும் எதிரே ஒரு சாட்சி இருக்கிறது. அதுவும் நம்ம பெண் இப்போது இருக்கும் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்திலேயே, ஹைடெல்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில். 1477-ல் அச்சான, பழைய ரோமானிய எழுத்தாளர் சிசரோவின் கடிதத் தொகுப்பு. அதை வைத்திருந்தவர் அகோஸ்டினோ வெஸ்புச்சி, ஃபிளாரன்ஸ் அரசு அலுவலகத்தில் அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லியோடு வேலை பார்த்தவர். பழங்கால ஓவியர் அப்பெல்லஸ் வீனஸின் தலையை அற்புதமாக முடித்துவிட்டு உடம்பை அப்படியே விட்டுவிட்டார் என்று சிசரோ எழுதிய வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், 1503 அக்டோபரில் வெஸ்புச்சி ஒரு குறிப்பு எழுதினார். லியொனார்டோவும் எல்லா ஓவியத்திலும் இப்படித்தான் செய்கிறார், லிசா தெல் ஜியோகொண்டோவின் தலையிலும் அப்படித்தான் என்கிறது அது. 2005-ல் நூலகத்தில் வேலை பார்த்த ஆர்மின் ஷ்லெக்டர் இதைக் கண்டுபிடித்தார்.

யாரையும் நம்பவைக்க எழுதிய வரி இல்லை அது. புத்தகம் படிக்கும்போது ஓரத்தில் கிறுக்கியது. அதனால்தான் அதை நான் நம்புகிறேன். லிசா கெரார்டினி 1479-ல் ஃபிளாரன்சில் பிறந்தவள், பட்டு வியாபாரி பிரான்செஸ்கோ தெல் ஜியோகொண்டோவின் மனைவி. வெஸ்புச்சி எழுதியபோது அவளுக்கு 24 வயது. அந்தப் பக்கத்தை நூலகம் தன் தளத்தில் வைத்திருக்கிறது. ஹைடெல்பர்க் ரயில் ஏறாமலே பார்க்கலாம். லிசாவின் இரண்டாவது மகன் ஆந்திரேயா பிறந்தது 1502 டிசம்பரில். 2004-ல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் இந்த ஓவியத்தை முப்பரிமாணத்தில் அளந்தபோது, அவள் உடைமேல் கண்ணாடி போன்ற மெல்லிய ஒரு துணி தெரிந்தது. கர்ப்பிணிகளும் புதிதாகப் பிள்ளை பெற்றவர்களும் அந்தக் காலத்தில் போட்டது. இரண்டு சாட்சியும் ஒரே வீட்டைக் காட்டுகின்றன.

பாலம் எந்த ஊர்ப் பாலம் என்ற சண்டையை வேகமாகக் கடந்துவிடுகிறேன். புரியானோ, பொப்பியோ, 2023-ல் லத்தெரினா, 2024-ல் லெக்கோ என்று நான்கு இத்தாலிய ஊர்கள் சொந்தம் கொண்டாடுகின்றன. வளைந்த கல் பாலம் இத்தாலியில் எத்தனையோ. கொலஸ்ட்ரால், தைராய்டு என்று படத்தைப் பார்த்தே நோய் சொன்ன மருத்துவர்களையும் அதே பையில் போடலாம். இவற்றுக்காக எங்கும் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

கண் நம்மைத் தொடர்கிறது என்பார்களே, அதையும் வீட்டிலேயே பார்க்கலாம். 2019-ல் ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் 24 பேரைத் திரைமுன் உட்காரவைத்து, அவள் பார்வை எங்கே விழுகிறது என்று ஒரு அளவுகோலில் குறிக்கச் சொன்னார்கள். சராசரியாக நமக்கு வலப்பக்கம் 15.4 டிகிரி தள்ளி விழுகிறது. அதாவது அவள் நம்மைப் பார்க்கவே இல்லை, தோளுக்கு மேலே எதையோ பார்க்கிறாள். எனக்கு இது ஏமாற்றமாக இல்லை. அன்றிலிருந்து அந்தப் பார்வை இன்னும் நெருக்கமாகிவிட்டது. யாரோ அறைக்குள் வந்ததைக் கவனித்த முகம் அது.

சிரிப்பு மட்டும் வேறு கதை. அங்கேதான் எந்த ஊர் என்ற கேள்வி உண்மையிலேயே வருகிறது.

மாட்ரிடின் லிசா

மாட்ரிடில் பிராடோ அருங்காட்சியகத்தில் இருப்பதும் மோனாலிசாதான், ஆனால் லியொனார்டோ கையால் தீட்டியது அல்ல. அவர் பட்டறையில் ஒரு சீடன் வரைந்தது; சலாயாகவோ மெல்சியாகவோ இருக்கலாம் என்கிறார்கள். வால்நட் பலகை, 76 சென்டிமீட்டர் உயரம். ரொம்ப நாள் அதன் பின்னணி முழுக்கக் கறுப்பாக இருந்தது. ஏதோ பிற்காலத்து நகல் என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. 2011–12-ல் அந்தக் கறுப்பை எடுத்ததும் உள்ளே அதே மலை, அதே பாதை, அதே நீர். இன்னும் முக்கியமானது, பூச்சுக்கு அடியில் இருக்கும் கோடுகளைக் காட்டும் அகச்சிவப்புப் படத்தில் வந்தது. லியொனார்டோ தன் பலகையில் எங்கெங்கே வரைந்து மாற்றினாரோ, அங்கெல்லாம் சீடனும் மாற்றியிருக்கிறான். முடிந்த ஓவியத்தைப் பார்த்து நகல் எடுத்தவனுக்கு அழித்த கோடு தெரிந்திருக்காது. அப்படியானால் இரண்டு பலகையும் ஒரே அறையில், ஒரே சமயத்தில் வளர்ந்திருக்கின்றன.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கணம் அந்த அறைக்குள் போய்வந்த மாதிரி இருக்கும். குரு ஒரு கோட்டை மாற்றுகிறார், பக்கத்தில் சீடன் எட்டிப் பார்த்துத் தன் பலகையிலும் மாற்றுகிறான்.

நான் போனது ஒரு நவம்பர் சாயங்காலம். பிராடோவில் கடைசி இரண்டு மணி நேரம் இலவசம். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, அதனால் யார் கையிலும் கைபேசி உயரவில்லை. என் பக்கத்தில் ஒரு வயதான தம்பதி மட்டும் இருந்தார்கள். வேண்டிய மட்டும் நின்று பார்த்தேன். சட்டைக் கைகள் நல்ல சிவப்பு. தோளில் இறங்கும் துணி தண்ணீர் மாதிரி. பாரிஸ் ஓவியத்தில் மஞ்சள் வார்னிஷுக்கு அடியில் மங்கிப்போன நாற்காலியும் மலையும் இங்கே தெளிவு. அப்புறம் அந்தப் புருவம்! ஓவிய வரலாறு எழுதிய வசாரி 1550-ல் மோனாலிசாவின் புருவ மயிரைக் கூட வர்ணித்திருக்கிறார், ஆனால் ஓவியத்தில் புருவமே இல்லை. இதுவே பெரிய மர்மமாகப் பேசப்பட்டது. மாட்ரிடில் புருவம் இருக்கிறது, மெல்லிய இரண்டு வில். பாஸ்கல் கோத் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 240 மெகாபிக்சல் கேமராவால் பாரிஸ் ஓவியத்தை எடுத்து, 2007-ல் இடது கண்ணுக்கு மேலே ஒரே ஒரு புருவ முடியின் தடயத்தைக் காட்டினார். முதலில் இருந்திருக்கிறது, நாளாவட்டத்தில் போய்விட்டது என்றே நானும் நினைக்கிறேன். அதே கோத் 2015-ல் ஓவியத்துக்கு அடியில் வேறொரு பெண்ணின் முகமே இருக்கிறது என்றும் சொன்னார். கலை வரலாற்றாளர் மார்ட்டின் கெம்ப் அதை ஏற்கவில்லை. ஓவியம் படிப்படியாக உருமாறியதன் தடயம்தான் அவை, தனி முகம் இல்லை என்றார். கூடவே மாறிக்கொண்டு வந்த மாட்ரிட் பலகையைப் பார்த்தவர்களுக்கு கெம்ப் சொல்வது சுலபமாகப் புரியும்.

ஆனால் அன்று நான் மாட்ரிடில் கற்றுக்கொண்டது புருவம் பற்றி இல்லை. அதே பெண், அதே உட்காரும் விதம், அதே கோடுகள், உதடு மடங்கும் இடம் கூட அதே இடம். இருந்தும் அவள் சும்மா ஒரு பெண். அழகான, இளமையான, கொஞ்சம் அலுத்துப்போன ஒரு பெண். அவள் சிரிக்கிறாளா என்ற கேள்வியே மனதில் எழவில்லை. எவ்வளவு நேரம் பார்த்தாலும் முகம் மாறவில்லை. சரி, மர்மம் லிசாவிடம் இல்லை, கோட்டிலும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கோடு அத்தனையையும் சீடன் எடுத்துக்கொண்டான். எடுக்க முடியாமல் போன ஒன்றில்தான் மர்மம் இருக்கிறது.

சீடனால் எடுக்க முடியாதது

அது பூச்சு. இத்தாலிய மொழியில் ஸ்ஃபுமாட்டோ என்பார்கள், புகைபோல் கரைவது. 2010-ல் பிலிப் வால்ட்டர் தலைமையில் ஒரு குழு எக்ஸ்ரே கருவியை லூவர் கூடத்துக்கே கொண்டுபோய், லியொனார்டோவின் ஓவியங்களில் முகங்களின் பூச்சை அளந்தது. ஒரு அடுக்கு ஒன்று, இரண்டு மைக்ரோமீட்டர் அளவுக்கு மெல்லியது. அப்படி அடுக்குக்கு மேல் அடுக்காகப் போட்டும் மொத்தம் 40 மைக்ரோமீட்டர் வாக்கில்தான். தலைமுடியின் தடிமனில் பாதி. எண்ணெய்ப் பூச்சு ஒன்று காய நாள் கணக்கில் ஆகும். காய்ந்த பிறகு அடுத்தது. 1503 வாக்கில் தொடங்கிய ஓவியத்தை அவர் சாகும்வரை ஒப்படைக்காமல் கூடவே வைத்திருந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்படிக் கரைத்ததால் உதட்டோரத்தில் கோடு இல்லை, நிழல்தான் இருக்கிறது. நம் கண் நேராகப் பார்க்கும் இடத்தில் நுணுக்கத்தைப் பிடிக்கும். ஓரத்தில் விழுவதில் நிழலை மட்டும் பிடிக்கும். ஹார்வர்டின் மார்கரெட் லிவிங்ஸ்டன் 2000-ல் இதைச் சொன்னார்: அவள் கண்ணைப் பார்க்கும்போது உதடு நம் பார்வையின் ஓரத்தில் விழுகிறது, நிழல்கள் சேர்ந்து சிரிப்பாகின்றன. சரி, சிரிப்பையே பார்ப்போம் என்று உதட்டுக்கு வந்தால் போய்விடுகிறது. இந்தச் சோதனைக்கு முகம் நம் பார்வையில் பெரிதாக விழ வேண்டும். தடுப்புக்குப் பின்னால் நின்றால் கண்ணும் உதடும் கிட்டத்தட்ட ஒரே புள்ளியாகிவிடுகின்றன. மடிக்கணினியில் முகத்தைத் திரை அளவுக்குப் பெரிதாக்கி, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, முதலில் கண், பிறகு உதடு என்று பாருங்கள். பக்கத்திலேயே மாட்ரிட் படத்தையும் திறந்து அதே மாதிரி செய்யுங்கள். அவள் அசையவே மாட்டாள்.

இதனால்தான் மாட்ரிட் எனக்கு இவ்வளவு பிடித்தும், அக்கா மகளை அங்கே அனுப்பத் தயங்குகிறேன். மாட்ரிட் சொல்லித்தருவது ஒப்பீடு. ஒப்பிடுவதற்கு இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். அது திரையில்தான் முடியும். ஏற்கெனவே லூவர் போய், கூட்டத்தில் ஒன்றும் பார்க்காமல் வெறுத்துத் திரும்பியவர்களுக்கு மாட்ரிட் மருந்து. எனக்கு அப்படித்தான் இருந்தது. முதல் முறை போகிறவளுக்கு இல்லை.

வாஷிங்டனையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்

அவளுடைய பட்டியலில் இது இல்லை. ஆனால் "ஒளித்து வைத்த செய்தி" என்ற ஒன்றுக்காகவே ஒருவர் போவதாக இருந்தால் நான் சொல்லும் முதல் இடம் வாஷிங்டன் தேசிய கலைக்கூடம். அங்கே லியொனார்டோ இருபது சொச்சம் வயதில் வரைந்த ஜினெவ்ரா தெ பென்சி இருக்கிறாள். பலகையின் இரண்டு பக்கமும் தெரியும்படி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பின்பக்கத்தில் லாரல் கிளையும் பனையோலையும் வளைந்து, நடுவில் ஜூனிபர் என்ற ஊசியிலைச் செடியின் ஒரு கொப்பு. அவற்றைச் சுற்றி ஓடும் நாடாவில் லத்தீனில் "அழகு நற்குணத்துக்கு அணி செய்கிறது" என்று ஒரு வரி. அகச்சிவப்பில் பார்த்தால் அதற்கு அடியில் இன்னொரு வரி: "நற்குணமும் மானமும்". அது வெனிஸ் நாட்டுத் தூதர் பெர்னார்டோ பெம்போ தனக்கென்று வைத்திருந்த வாசகம். அவர்தான் இந்த ஓவியத்தைக் கேட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அந்த ஒளிந்த வரியும் ஒரு காரணம். யாரோ படத்தைப் பெரிதாக்கி ஊகித்த எழுத்து இல்லை இது. நுழைவு இலவசம்.

ஜினெவ்ராவை நான் இங்கே இழுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இத்தாலிய மொழியில் ஜூனிபருக்கு ஜினேப்ரோ என்று பெயர். ஜினெவ்ரா, ஜினேப்ரோ. நாம் சிலேடை என்போமே, அதுதான். முன்பக்கத்திலும் அவள் தலைக்குப் பின்னால் அடர்ந்து நிற்பது ஜூனிபர்ப் புதர். போலந்தின் கிராக்கோவ் நகரில் இருக்கும் ஓவியத்தில் செசிலியா கல்லெரானி என்ற பெண் வெள்ளைக் கீரிபோல ஒன்றை அணைத்திருக்கிறாள், எர்மின் என்ற விலங்கு. அந்த வகைப் பிராணிக்குக் கிரேக்கத்தில் கலே. கல்லெரானி, கலே. இப்போது லிசாவுக்கு வாருங்கள். கணவன் வீட்டுப் பெயர் ஜியோகொண்டோ. அந்தச் சொல்லுக்கு மகிழ்ச்சியானவர் என்று பொருள். இத்தாலியில் இந்த ஓவியத்துக்கு இன்றைக்கும் லா ஜியோகொண்டா என்றுதான் பெயர்: ஜியோகொண்டோ வீட்டுப் பெண் என்றும் கொள்ளலாம், மகிழ்ந்திருப்பவள் என்றும் கொள்ளலாம். செடியும் வேண்டாம், விலங்கும் வேண்டாம் என்று இந்த முறை பெயரை முகத்திலேயே எழுதிவிட்டார். கண்மணியைப் பூதக்கண்ணாடியால் துழாவிக்கொண்டிருந்தவர்களுக்குச் செய்தி கொஞ்சம் கீழே, உலகமே பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் இருந்தது.

இது தெரிந்த நாளன்று நான் அக்காவுக்கு போன் செய்து சொன்னது நினைவிருக்கிறது.

அப்படியானால் பாரிஸ் எதற்கு?

லூவரைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு 80 லட்சத்துக்கும் மேலானவர்கள் வரும் இடம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து போகிறவர்களுக்கு 2026 ஜனவரியிலிருந்து கட்டணம் 32 யூரோ. செவ்வாய்க்கிழமை விடுமுறை. மோனாலிசா இருக்கும் கூடத்துக்குள் நுழைந்ததும் தெரிவது தலைகள், தலைகளுக்கு மேலே உயர்ந்த கைகள், கைகளில் நூறு கைபேசி, ஒவ்வொன்றிலும் சின்னதாக அவள். நான் மெதுவாக நகர்ந்து தடுப்புக்கு முன்னால் வந்தபோது கண்ணாடியில் விளக்கு தெரிந்தது, பின்னாலிருந்தவர்களின் உருவம் தெரிந்தது. முகம் பாசி படிந்த மஞ்சள். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, நகரச் சொல்லிவிட்டார்கள். அவளுக்கென்று தனி அறை கட்டப்போவதாக 2025 ஜனவரியில் பிரெஞ்சு அதிபர் அறிவித்தார். அதற்கு இன்னும் பல வருஷம் இருக்கிறது. ரகசியம் தேடிப் போய் இந்த ஒரு நிமிடத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வருவதானால், பாரிஸ் மூன்றிலும் மோசமான தேர்வு.

ஆனால் நான் அன்று செய்த தவறை அவள் செய்ய வேண்டாம். அந்தக் கூடத்தை விட்டு வெளியே வந்தால் நீளமான பெரிய காலரி. அதில் லியொனார்டோவின் வேறு நான்கு ஓவியங்கள் தொங்குகின்றன, ஏறக்குறைய ஆளில்லாமல். நான் பசியில் அவற்றைத் தாண்டி ஓடிவிட்டேன். நல்லவேளை, வழி தவறித் திரும்பி வந்து, இருண்ட ஒரு பலகைக்கு முன்னால் நின்றேன். திருமுழுக்கு யோவான். விரல் மேலே காட்டுகிறது, முகம் இருட்டிலிருந்து வெளியே வருகிறது, அதே சிரிப்பு. இரண்டு கை தூரத்தில். கன்னம் எங்கே முடிந்து நிழல் எங்கே தொடங்குகிறது என்று தேடினேன். தூரிகை பட்ட அடையாளம் ஒன்றுகூட இல்லை. தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்த்தேன், குனிந்து பார்த்தேன். உதட்டோரம் ஈரமாக இருப்பதுபோல் இருந்தது. 2016-ல் இந்த ஓவியத்தின் பழைய வார்னிஷை மெலிதாக்கிச் சுத்தம் செய்தார்கள். அதனால் மோனாலிசாவில் மஞ்சளுக்குள் மூழ்கிக் கிடக்கும் கைவேலை இங்கே திறந்து தெரிகிறது. எந்தத் திரையிலும் இதை நான் பார்த்ததில்லை. திரையில் நிறம் தெரியும், விரிசல் தெரியும். வெளிச்சம் பூச்சுக்குள் போய்த் திரும்பி வருவது தெரியாது.

1517 அக்டோபரில் ஒரு கர்தினால் பிரான்சின் அம்புவாஸ் நகரில் வயதான லியொனார்டோவின் வீட்டுக்குப் போனார். கூடப் போன செயலர் அந்தோனியோ தெ பெயாத்திஸ் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்: கிழவர் மூன்று ஓவியங்களைக் காட்டினார், ஒரு ஃபிளாரன்ஸ் பெண், இளம் யோவான், மரியாளும் குழந்தையும் புனித அன்னாவின் மடியில். கடைசிவரை கூடவே வைத்துக்கொண்ட மூன்று. அந்த மூன்றும் இன்றைக்கு லூவரில், ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சில நிமிட நடையில் இருக்கின்றன. அன்னா 2012-ல் சுத்தமாக்கப்பட்டவள். அவள் சிரிப்பும் அதே குடும்பம். மாட்ரிடாலும் மடிக்கணினியாலும் தர முடியாதது இதுதான்.

அதனால் அவளுக்கு நான் எழுதி அனுப்பியது இது. வியாழன் ராத்திரி அறையில் உட்கார்ந்து மடிக்கணினியில் இரண்டு லிசாவையும் பக்கத்தில் பக்கத்தில் திற. கண்ணில் எழுத்தைத் தேடி முடித்துவிடு. கண், உதடு, கண், உதடு என்று பார். ஹைடெல்பர்க் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடு. வெள்ளிக்கிழமை லூவர் ராத்திரி 9 மணி வரை திறந்திருக்கும்; ஸ்டுட்கார்ட்டிலிருந்து பாரிஸுக்கு நேர் ரயில் மூன்று மணி நேரம் சொச்சம், மத்தியானம் கிளம்பினால் போதும். உள்ளே போனதும் முதலில் யோவான், அப்புறம் அன்னா, லிசா கடைசி. கூட்டத்தில் உனக்கு அரை நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் உன் கண் தயாராக இருக்கும். மாட்ரிடை அடுத்த பயணத்துக்கு வை, அப்போது என்னையும் கூட்டிக்கொண்டு போ.

நேற்று பதில் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை 6.30 நுழைவுக்குப் பதிவு செய்துவிட்டாளாம். கீழே இன்னொரு வரி: "சித்தி, நம்ம சிரிச்ச முகம் பாட்டிக்கு லியொனார்டோ என்ன வரைஞ்சிருப்பார்?" எங்கள் பாட்டியின் பெயர் மலர்க்கொடி.